வில்லோவீமாக் கரையில் ஈ கட்டினோம்!

"நாளைக்குக் காலையில ஈ கட்டப் போறோம். சீக்கிரம் படுத்துத் தூங்கு" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூ கட்டுவோம், மாலை கட்டுவோம், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவோம். ஈயைப் போய் யாராவது கட்டுவார்களா? அமெரிக்காவில் இரண்டு வருஷமாக வைத்தியம், மருந்து என்று அலைந்ததில் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் கவலைகூட வந்துவிட்டது. முகம் சுளிக்காதீர்கள், நிஜ ஈ இல்லை! தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் கம்பி இழையும் சுற்றி, மீன் ஏமாந்து போகிற மாதிரி செய்கிற பொய்ப் பூச்சிக்குத்தான் அங்கே ஈ என்று பெயர். அதைச் செய்வதை 'கட்டுவது' என்றேதான் அவர்களும் சொல்கிறார்கள்.

நான் அமெரிக்கா போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் இருக்கும் என் அக்காவுக்கு 2021 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. வலது பக்கம். அப்போது அவளுக்கு வயது 49. கொரோனா காலம், கிளம்பிப் போவது சுலபமாக இல்லாத நேரம். எனக்கு மட்டும் போனில் சொன்னாள். தென்காசியில் இருக்கும் அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "தோள்பட்டை வலி, அதான் கையைத் தூக்க முடியலை" என்று அம்மாவிடம் இரண்டு பேருமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். 2023 மே மாதம்தான் எனக்கு விசா, டிக்கெட், பிள்ளைகளின் பரீட்சை முடிவு எல்லாம் கூடி வந்தது.

போய் இறங்கின அன்றே கவனித்தேன். அலமாரி மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க அக்கா இடது கையைத்தான் நீட்டினாள். ஆபரேஷனில் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருக்கிறார்கள். 'நெறி கட்டியிருக்கு' என்று நாம் சொல்வோமே, அந்த இடம். அதை எடுத்துவிட்டால் அந்தக் கையில் நீர் வடிவது தடைப்பட்டு வீங்கலாமாம். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, வெட்டுக்காயம், சூடு, முள் குத்தல் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சின்னக் காயத்தில் கிருமி புகுந்தால்கூடக் கை வீங்கிவிடும் ஆபத்து. அன்றிலிருந்து அக்கா தையல் மிஷினைத் தொடவில்லை. பூத்தொடுக்கிற கை அது! எங்கள் தெருவில் அம்மாவுக்கு அடுத்தபடி நெருக்கமாகப் பூக்கட்டுகிறவள் அவள்தான். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்து வைத்த சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அத்தான் தனியாக என்னிடம் சொன்னார்.

அப்படிப்பட்டவள் தூண்டில் முள்ளைக் கையில் எடுக்கிறேன் என்றால்? ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தயிர்சாதம், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், ப்ளாஸ்கில் காப்பி எல்லாம் எடுத்துக்கொண்டாயிற்று. அத்தான் கார் ஓட்டினார். இரண்டரை மணி நேரப் பயணம். நியூயார்க் என்றால் ஆகாசத்தைத் தொடும் கட்டடம்தானே நமக்குத் தெரியும்? அது நியூயார்க் நகரம். நியூயார்க் மாநிலம் வேறு. ரூட் 17 என்கிற சாலையில் ஏறியதும் மலைகள் வந்துவிட்டன. கேட்ஸ்கில் மலைகள். நம் பொதிகை மாதிரி செங்குத்தாக நிற்பவை அல்ல. தூங்குகிற யானைகள் வரிசையாகப் படுத்திருப்பது போல வட்ட முதுகாக இருக்கின்றன. அப்போதுதான் மரங்களில் தளிர் விட்டிருந்தது. மே மாதம், நம்மூரில் கத்திரி வெயில்! அங்கே நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு நடுங்கினேன்.

வழியெல்லாம் பலகைகளில் 'கில்', 'கில்' என்று முடிகிற ஊர்ப்பெயர்கள். பத்தாம் வகுப்புப் படித்த என் இங்கிலீஷுக்கு, கில் என்றால் கொல்வது! "என்ன அத்தான், ஊருக்கெல்லாம் இப்படி பேர் வச்சிருக்காங்க?" என்றேன். சிரித்துவிட்டார். முதலில் இந்தப் பக்கம் குடியேறியவர்கள் டச்சுக்காரர்களாம். அவர்கள் பாஷையில் 'கில்' என்றால் ஓடை. பீவர்கில் என்பது பீவர் என்ற பிராணி வாழும் ஓடை. மீன் பிடிக்கப் போகிற பாவத்தில் பாதி குறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

நாங்கள் போன ஊர் லிவிங்ஸ்டன் மேனர். ஒரே ஒரு கடைத்தெரு. இரண்டு காப்பிக் கடை, ஒரு புத்தகக் கடை, மாதா கோயில், மரவீடுகள். ஊரை ஒட்டி ஓடுகிறது வில்லோவீமாக் ஆறு. பக்கத்து ஊரான ரோஸ்கோவில் போய் பீவர்கில்லோடு கலக்கிறது. அந்தக் கூடுதுறையை ஜங்ஷன் பூல் என்று சொல்லி, நாம் திரிவேணி சங்கமத்துக்குக் கொடுக்கிற மரியாதையை மீன்பிடிக்கிறவர்கள் அதற்குக் கொடுக்கிறார்கள். ரோஸ்கோ தனக்கு 'ட்ரவுட் டவுன்' என்றே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. ட்ரவுட் என்பது குளிர்ந்த, தெளிந்த தண்ணீரில் வாழும் மீன். நம் ஊட்டிப் பக்கத்து ஓடைகளிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே வகை. இங்கே ப்ரூக் ட்ரவுட் மட்டும்தான் சொந்த மண்ணின் பிள்ளை. ப்ரவுன் ட்ரவுட், 1883-ல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் முட்டையாக வந்திறங்கிய மருமகள். ஆனால் இப்போது வீட்டு நிர்வாகம் அவள் கையில்தானாம்!

ஆற்றங்கரையில் 'கேட்ஸ்கில் ஃப்ளை ஃபிஷிங் சென்டர் அண்ட் மியூசியம்' இருக்கிறது. மீன்பிடிக்க ஒரு மியூசியமா என்று அலட்சியமாகத்தான் உள்ளே நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாகப் பொய்ப் பூச்சிகள். தூரத்தில் பார்த்தால் கம்மல் கடை மாதிரி இருக்கிறது. கிட்டே போய்க் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தால், அடேயப்பா! ஒரு கடுகு அகலத்தில் பத்துச் சுற்று நூல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்.

தியோடர் கார்டன் என்பவரை அங்கே பிதாமகராகக் கொண்டாடுகிறார்கள். 1915-ல் காலமானவர். இங்கிலாந்து மாதிரிகளைத் தருவித்துப் பார்த்து, அவை இந்த வேகமான தண்ணீருக்குச் சரிப்படாது என்று தம் ஊர்ப் பூச்சிகளைப் பார்த்துப் புதிதாகக் கட்டியவர். அவர் கதை இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு இரண்டு பேர்: வின்னி டெட், எல்ஸி டார்பி. இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து ஈ கட்டிக் குடும்பத்தை நடத்திய பெண்கள்.

1920-களின் கடைசியில் இந்தப் பக்கம் ரூப் கிராஸ் என்று ஒரு கைகாரர் இருந்தார். வின்னியின் கணவர் வால்ட் அவரிடம் போய்த் தொழில் கற்றுத் தரும்படி கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் கட்டிய ஈக்களை விலைக்கு வாங்கிவந்து, வால்டும் வின்னியும் நண்பர் ஹாரி டார்பியுமாக உட்கார்ந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்களாம். பிரித்ததையெல்லாம் வின்னி குறித்துக்கொண்டாராம். இதைக் கேட்டதும் நான் 'ஆஹா' என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாம் செய்யாததா? டெய்லர் 'கட்டிங்' சொல்லித்தர மாட்டேன் என்றால், நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டு அளவெடுத்துக்கொள்கிறோமே! முந்தின வாரம்தான் அக்காவின் ஜாக்கெட் ஒன்றை அப்படிப் பிரித்திருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய அளவு அவளுக்கு உதவவில்லை. வெளியே கொடுத்துத் தைக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இரண்டு வருஷமாகச் சேலையே கட்டாமல் இருந்திருக்கிறாள்.

டெட் தம்பதி 1928-ல் தொழிலைத் தொடங்கினார்கள். எல்ஸி அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஹாரியை மணந்துகொண்டு தனியாகக் கடை வைத்தார். வின்னியின் மகள் மேரியும் பல வருஷம் ஈ கட்டினார். இந்த மியூசியம் வேண்டும் என்று கனவு கண்டு முன்னே நின்றவர் எல்ஸிதான் என்று சொன்னார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னொன்றையும் பார்த்து நின்றுவிட்டேன். கறுப்பு இறகில் மெழுகு சொட்டினாற்போல மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் பொட்டு. எங்கேயோ பார்த்திருக்கிறோமே! செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் தாத்தாவோடு போகும்போது புதரிலிருந்து விர்ரென்று கிளம்பிப் போகுமே, அந்தக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு! தென்னிந்தியக் காடுகளில் வாழும் பறவை. அந்தப் பொட்டைப் பூச்சிக்குக் கண்ணாக வைத்துக் கட்டுவதற்காக ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆகியிருக்கிறது. இப்போது நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைத் தொடமுடியாது. நல்ல வேளை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி நம்மூர்க் கோழியின் கழுத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷமா, துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு வகுப்பு. ஒரு நீள மேஜை, எட்டுப் பேர். சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து இடது பக்கமாக அணைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

அப்புறம்தான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்காகவே 'காஸ்டிங் ஃபார் ரெகவரி' என்று ஓர் அமைப்பு 1996-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்டதாம். இரண்டு, மூன்று நாள் ஆற்றங்கரையில் தங்கவைத்து, காசு வாங்காமல் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தோளுக்கும் கைக்கும் மெல்லச் செய்யச் சொல்லும் பயிற்சியும், இந்தத் தூண்டிலை முன்னும் பின்னும் வீசும் அசைவும் ஏறக்குறைய ஒன்றுதானாம். 2022 இலையுதிர் காலத்தில் அக்கா அங்கே போயிருக்கிறாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை. "சைவக் குடும்பத்துப் பொண்ணு மீன் பிடிக்கப் போறேன்னு எப்படிச் சொல்லச் சொல்றே?" என்றாள்.

நாங்கள் கட்டியது மிகச் சிறிய மணி வைத்த ஈ. 'ஸீப்ரா மிட்ஜ்' என்று பெயர். மிட்ஜ் என்பது கொசு மாதிரி ஒரு பூச்சி, ஆனால் கடிக்காது. தண்ணீருக்கடியில் புழுவாக வாழ்ந்து, கூட்டுப்புழுவாகி, மேலே மிதந்து வந்துதான் சிறகு விரிக்கும். அப்படி மேலே வரும்போது அதன் தோலுக்குள் காற்று பளபளவென்று மின்னுமாம். அந்த மினுக்கத்துக்குத்தான் தலையில் மணி. இன்னொரு காரணம் கனம். ட்ரவுட் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் சாப்பிடுகிறது. மணி இருந்தால் ஈ சட்டென்று அடிக்குப் போகும். முன்பெல்லாம் கனத்துக்கு ஈயம் சுற்றுவார்கள். அது தண்ணீர்ப் பறவைகளுக்கு விஷம் என்பதால், இப்போது பித்தளை அல்லது டங்ஸ்டன் மணி. டங்ஸ்டன் அதே அளவுப் பித்தளையைப் போல் இரண்டு பங்கு கனம், விலையும் அப்படியே.

முள்ளின் நம்பர் 18, 20 என்றார்கள். நம்பர் ஏற ஏற முள் சிறியது. மற்றவர்கள் இதில் குழம்பினார்கள். எனக்குக் குழப்பமே இல்லை. கைத்தையல் ஊசியும் அப்படித்தானே? 20-ம் நம்பர் முள் ஒரு பச்சரிசி நீளம்தான் இருக்கும். மணி அதைவிடச் சின்னது. ஒரு பக்கத்துத் துளை சின்னது, மறுபக்கத்துத் துளை அகலம். சின்னத் துளை முன்னால் போகும்படி முள்ளின் நுனி வழியாக மணியைக் கோத்து, வளைவைத் தாண்டி, முள்ளின் காது வரை தள்ளவேண்டும்.

இங்கேதான் நான் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடது கையால் முள்ளை ஒரு சின்னக் குறட்டால் பிடித்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் தையல்காரர் போடும் உலோக உறை. மணியைக் கோத்ததும் முள்ளை வைஸில் இறுக்கிவிட்டாள். பட்டறையில் பார்த்திருப்பீர்களே, அதன் குட்டி. வைஸின் வாய் முள்ளின் வளைவைக் கவ்விக்கொள்கிறது. அதற்குப் பிறகு முள்ளைத் தொடவே வேண்டியதில்லை, நூல்தான் சுற்றிச் சுற்றிப் போகிறது. முள்ளில் கொக்கும் கிடையாது, மழுங்கலாக நசுக்கிவிடுகிறார்கள். நான் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தது வீண்!

அப்புறம் செய்முறை. மணிக்குப் பின்னால் கறுப்பு நூலைத் தொடங்கி, முடியைவிட மெல்லிய வெள்ளிக் கம்பி இழையை முள்ளின் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வளைவுவரை போகவேண்டும். நூலை மறுபடி மணிவரை கொண்டுவரும்போது வால் பக்கம் ஒல்லியாக, தலைப்பக்கம் கொஞ்சம் பருமனாக உடம்பு அமையவேண்டும். பிறகு கம்பியை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று. கறுப்பில் வெள்ளைக் கோடு. அதனால்தான் வரிக்குதிரைப் பெயர். கம்பியைக் கத்தரியால் வெட்டக்கூடாது, கத்தரி கெட்டுவிடும். இப்படியும் அப்படியும் வளைத்தால் தானே முறிந்துவிடும். கடைசியில் முடிச்சுப் போடாமலே நூலைத் தன்மேல் தானே சுற்றவைத்து உள்ளே இழுத்து முடிக்கிற வித்தை. இதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. முந்தானைக் குஞ்சத்துக்குக் கழுத்து சுற்றி முடிப்போமே, அச்சாக அதேதான். விரலாலேயே முடித்ததும் டீச்சரம்மாள் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஒரே பெருமை!

பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. இரண்டாவது ஈயில் நூலை அதிகமாக இழுத்துப் பட்டென்று அறுத்தேன். மூன்றாவதில் மணிக்குப் பின்னால் நூலை வண்டி வண்டியாகச் சுற்றி, ஈக்குக் கழுத்துச் சுளுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. பூக்கட்டும்போது அம்மா சொல்வாள்: இழுத்தால் காம்பு அறும், விட்டால் பூ உதிரும் என்று. அந்த நடுப்பதம் அக்காவின் விரலுக்கு மறக்கவேயில்லை. இரண்டு வருஷம் சும்மா கிடந்த கையா இது!

மதியம் என் பையிலிருந்த கண்ணாடிப் பாசிமணிகளை எடுத்துக் கொட்டினேன். அக்காவின் ஜாக்கெட்டில் மணி வேலை செய்யலாம் என்று தென்காசி ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிக்கொண்டு போனவை. டீச்சரம்மாள் கண்கள் விரிந்தன. கண்ணாடி மணி வைத்தும் ஈ கட்டுவதுண்டாம். பித்தளை அளவு மூழ்காது, ஆனால் வெளிச்சம் உள்ளே ஊடுருவி நிஜக் காற்றுக் குமிழி மாதிரியே இருக்குமாம். என்ன சங்கடம் என்றால் நம்மூர் மணியில் துளை ஒரே சீராக இல்லை. பத்தில் மூன்றுதான் முள்ளின் வளைவைத் தாண்டியது. மிச்சம் பாதியில் சிக்கி நின்றது, ஒன்று உடைந்தே போயிற்று. ஆனாலும் அந்த அரக்குச் சிவப்பு மணி வைத்த ஈ இருக்கிறதே, அன்று மேஜையில் அதுதான் அழகு. நானே சொல்லிக்கொள்ளக்கூடாது.

எட்டாவதோ ஒன்பதாவதோ கட்டிக்கொண்டிருந்தபோது, நிமிராமலே அக்கா கேட்டாள்.

"ஏட்டி, நீ போய்ப் பார்த்தியா?"

எதை என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கூடப்பிறந்தவளுக்கு வந்தால், அவளுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலிருந்தே நாம் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள ஆரம்பிக்க வேண்டும் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவளுக்கு 49. அப்படியானால் நான் 39-லேயே தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு 45 முடிந்துவிட்டது.

"இல்லைக்கா."

"ஏன்?"

நானும் நிமிரவில்லை. கம்பி இழை நாலாவது சுற்றில் இருந்தது. "பயமாயிருந்துச்சு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தன் ஈயை முடித்து, நூலை வெட்டி, தலையில் ஒரு பொட்டு வார்னிஷ் வைத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆறு மாசம் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாசம்தான் அக்குள் வரைக்கும் போயிடுச்சு" என்றாள். இதை அவள் அத்தானிடம்கூடச் சொன்னதில்லையாம். நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அவளும் மறைத்திருப்பாள். இரண்டு பேர் கண்ணும் பச்சரிசி நீள முள்ளில் அல்லவா இருந்தது!

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றுக்குப் போனோம். அக்காவுக்கு ஒரு நாள் லைசென்ஸ் வாங்கியிருந்தார் அத்தான். லைசென்ஸ் இல்லாமல் அங்கே தூண்டில் போடமுடியாது. தண்ணீர் முழங்காலளவு. கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம், குளிர்ச்சியோ பழைய குற்றாலம்கூடத் தோற்றது. அந்தப் பகுதியில் மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. "விட்டாலும் வாயில குத்தினது குத்தினதுதானே டீச்சர்?" என்று அக்காவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். டீச்சரம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆமாம், அந்தக் கேள்வி எனக்கும் உண்டு என்றார். பைக்குள்ளிருந்து ஒரு வெட்டுக் குறட்டை எடுத்து, என் சிவப்பு மணி ஈயின் முள் வளைவை நறுக்கென்று வெட்டினார். இப்போது அதில் குத்துவதற்கு ஒன்றுமில்லை. சில பேர் இப்படியும் தூண்டில் போடுவதுண்டாம்.

அக்கா தண்ணீரில் இறங்கினாள். வலது கையில் தோள்வரை இறுக்கமான உறை. கம்பைப் பின்னால் தூக்கினாள். நூல் அவளுக்குப் பின்னால் ஆகாயத்தில் நீளமாக விரிந்தது. ஒரு கணம் நிறுத்தி, முன்னால் வீசினாள். காதுக்கு மேலே போன அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரி மேல்தட்டுக்கு எட்டாத கை! டப்பாவை எடுக்க மாட்டாளாம், ஆற்றைத் தாண்டி நூல் வீசுவாளாம். வலி இல்லாமலா இருக்கும்? முகம் லேசாகச் சுருங்கத்தான் செய்தது. மறுபடி வீசினாள்.

அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சால்வைக்குள் பல் கிடுகிடுத்தது. திடீரென்று "ஏட்டி!" என்று கத்தினாள். கம்பின் நுனி ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான். கடித்துப் பார்த்து, ருசி சரியில்லை என்று துப்பிவிட்டுப் போயிருக்கிறது. தென்காசிப் பாசிமணியை நியூயார்க் மீன் தொட்டது! கரையில் இருந்த மூன்று பேரும் கை தட்டினோம்.

ராத்திரி ரோஸ்கோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், சைவமாக எது கிடைக்கும் என்று தேடி ஃப்ரெஞ்சு டோஸ்ட் சாப்பிட்டோம். முட்டையில் தோய்த்தது என்று முக்கால்வாசி சாப்பிட்ட பிறகு அத்தான் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அக்கா வீட்டிலிருந்தே என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து திருநெல்வேலியில் பரிசோதனைக்கு நாள் வாங்கச் சொன்னேன். ஊர் திரும்பிய அடுத்த வாரம் போனேன். அமுக்கும்போது வலிக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். மொத்தமே சில நிமிஷம்தான். ஒன்றுமில்லை, வருஷம் தவறாமல் வாருங்கள் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். 2024-க்கும் போய்வந்துவிட்டேன்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்று அக்கா சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவள் கட்டிய ஆறு ஈயும் நான் கட்டிய ஆறும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். தென்காசியில் அம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டப்பாவைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எதை யார் கட்டியது என்று நான் சொல்லவில்லை.

"இது உன்னோடது. கழுத்துப் பெருத்துக் கிடக்கு. இதுவும் உன்னோடதுதான்" என்று என் ஆறையும் ஒதுக்கித் தள்ளினாள். மிச்ச ஆறை வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் எடுத்து வெகு நேரம் பார்த்தாள்.

"சுத்து ஒண்ணுகூட ஏறலை. கை நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "அங்கே இப்போ மணி என்ன? அவளுக்குப் போன் போடு."